எழு பக்கம், படு பக்கம்

மண்டூர்
06.05.1991

தங்கச்சி வசந்தாதேவிக்கு,

என் மகன் அருமைநாயகத்தின் பெயரை நீ கட்டுரையிலிருந்து எடுத்துவிட்டாய். இதுதான் நீ செய்த அநியாயம். மற்றவற்றைப் பிறகு சொல்கிறேன். இதை முதலிலேயே எழுதுவதற்குக் காரணம் உண்டு. கடிதம் நீண்டால் நீ கடைசி வரிக்கு மட்டும் பதில் எழுதுவாய். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

சித்திரைச் சஞ்சிகையைத் தோணிக்காரன் சாமித்தம்பி கொண்டுவந்து தந்தான். 'வானத்திலிருந்து விழுந்த கண்ணாடி' என்று தலைப்பு. கீழே உன் பெயர், விஞ்ஞான ஆசிரியை, செட்டிபாளையம். நல்லது. நாலாம் பந்தியில் 'மண்டூரில் விவசாயி ஒருவர் வயலை உழும்போது இக்கல்லைக் கண்டெடுத்தார்' என்று இருக்கிறது. யார் அந்த விவசாயி? கோயிலில் பூசை செய்கிற கப்புகனாரையும் தபாற்காரரையும் விட்டால் மண்டூரில் மிச்சம் எல்லாரும் விவசாயிதான். எந்த வயல்? போன வருடம் ஆடியில், குண்டு போடப் பொம்மர் வந்தால் இறங்கிக்கொள்வதற்காக எங்கள் வளவில் பங்கர் வெட்டும்போது அவன் அந்தக் கல்லை எடுத்தான். ஐப்பசியில் உன் வீட்டு மேசையில் கொண்டுவந்து வைத்தவனும் அவன்தான். உனக்குத் தெரியாத விடயம் அல்ல.

இரண்டாவது. கல்லோடு நான் ஒரு துண்டுத்தாள் எழுதி அனுப்பினேன். 'எழு பக்கம் குழி கூட, படு பக்கம் குறைவு.' இவ்வளவுதான் எழுதினேன். நீ அதை எழுவான் பக்கம், படுவான் பக்கம் என்று வாசித்திருக்கிறாய். சூரியன் எழுகிற கிழக்கு எழுவான், படுகிற மேற்கு படுவான் என்று கொழும்பு வாசகருக்கு விளக்கம் வேறு. கிழக்கே வாவி இருப்பதால் உப்புத்தண்ணீர் ஊறிக் கல்லின் கிழக்கு முகத்தை அரித்தது என்று ஒரு முழுப் பந்தி ஓடுகிறது. எழு பக்கம் என்றால் மேலே எழும்பியிருந்த பக்கம். படு பக்கம் என்றால் அடியில் படுத்திருந்த பக்கம். மழைத் தண்ணீர் மேலிருந்து இறங்கும். அதனால் மேற்பக்கத்தில் குழி கூட. வாவிக்கு இதில் ஒரு வேலையும் இல்லை.

திருத்தம் போட வேண்டும். இரண்டுக்கும்.

அண்ணன்
கந்தப்போடி


செட்டிபாளையம்
19.05.1991

அன்புள்ள அண்ணன்,

கடிதம் கிடைத்தது. உறையைப் பிரித்துச் சோற்றுப் பருக்கையால் திருப்பி ஒட்டியிருந்தார்கள். இதையும் யாரோ வாசிப்பார்கள் என்ற நினைப்போடுதான் எழுதுகிறேன். நீங்களும் அந்த நினைப்போடு எழுதினால் நல்லது.

முதல் வரிக்கே பதில் எழுதுகிறேன், பயப்பட வேண்டாம். ஆனால் கொஞ்சம் பொறுங்கள்.

பக்கம் பற்றிய பிழை என்னுடையது. ஆனாலும் எழு, படு என்று கண்டால் மட்டக்களப்பில் பிறந்த ஒருத்தி வேறு எப்படி வாசிப்பாள்? நீங்கள் இருப்பது படுவான்கரை, நான் இருப்பது எழுவான்கரை. வாவியைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் அந்தச் சொற்களைத்தான் சொல்கிறோம். மேல், கீழ் என்று இரண்டு நல்ல சொற்கள் தமிழில் இருக்கின்றன. அவற்றை எழுதியிருக்கலாம்.

குழிகள் எல்லாம் ஒரே வழியில் வந்தவையல்ல. பெரிய விண்கல் மோதும்போது நிலம் உருகித் தெறிக்கிறது. தெறித்த துளி பறக்கும்போதே ஆறிக் கண்ணாடியாகிறது. உள்ளிருந்த குமிழ் தோலில் உடைந்தால் வட்டக் குழி, அதன் அடி வழுவழுப்பாக இருக்கும். மற்றவை புழு ஊர்ந்தது போல வளைந்து போகிற வாய்க்கால்கள். நிலத்தில் கிடந்த காலத்தில் தண்ணீர் செய்த வேலை அது என்று நினைக்கிறேன். ஆறும்போது விழுந்த நுண்ணிய வெடிப்பில் தண்ணீர் இறங்கி, இலட்சக் கணக்கான வருடமாகக் கரைத்து அகலமாக்கியிருக்கும். பறக்கும்போது காற்று செதுக்கியது என்று சொல்கிறவர்களும் உண்டு. அவுஸ்திரேலியாவில் கிடைக்கிற பொத்தான் வடிவக் கற்களின் விளிம்புக்கு அது பொருந்தும். நம்முடையதற்குப் பொருந்தாது.

இனி பெயர். அண்ணன், மருமகன் கல்லை மேசையில் வைத்து, "இதுதான் மாமி, வடிவாப் பாருங்க" என்றான். நான் தேத்தண்ணி வைக்கக் குசினிக்குள் போய்விட்டேன். என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தான். அரைவாசி காதில் விழவில்லை. குடித்துவிட்டுப் போனான். தோணித்துறைக்குப் போகும் வழியில் ஆமிச் சென்றியில் மறித்துத் தங்கள் வாகனத்தில் ஏற்றினார்கள் என்று சாமித்தம்பி வந்து சொன்னான். அவனைக் கடைசியாகக் கண்ட வீடு இது. இந்த வீட்டில் என் பிள்ளை புஸ்பம் இருக்கிறாள், அவளுக்கு இருபது வயது. அவன் பெயரையும் பங்கர் என்ற சொல்லையும் என் பெயரோடு சேர்த்து அச்சில் போட்டால் அடுத்த நாள் யார் வந்து கதவைத் தட்டுவார்கள்? அவன் உள்ளே இருந்தால் அவனுக்கும் அது நல்லதா? இதைத்தான் யோசித்தேன். பயந்தேன் என்று சொன்னாலும் சரி.

சீதேவிப்பிள்ளை மச்சாளுக்கு என் அன்பு.

வசந்தா


மண்டூர்
02.06.1991

தங்கச்சிக்கு,

மேல், கீழ் என்று எழுதியிருந்தால் மேல் என்றால் மேற்கு, கீழ் என்றால் கிழக்கு என்று வாசித்திருப்பாய். கிராமச் சங்கத்துப் பழைய காணி உறுதிகளில் அப்படித்தான் இருக்கிறது. தமிழில் நல்ல சொல் இல்லாமல் இல்லை, வாசிக்கிற ஆள்தான் இல்லை.

தண்ணீர் கண்ணாடியைக் கரைக்கும் என்று நீ புத்தகம் பார்த்து எழுதுகிறாய். நான் செய்து பார்த்தேன். உடைந்த சாராயப் போத்தலின் ஓட்டில் அரத்தின் முனையால் மூன்று கீறல் கீறினேன். பாலைமரச் சாம்பலைக் கரைத்து வடித்து, அதில் சிப்பிச் சுண்ணாம்பு போட்டு, தெளிந்த காரத்தை இரும்புச் சட்டியில் ஊற்றி, ஓட்டை அதற்குள் போட்டு ஒவ்வொரு நாளும் அவித்தேன். சீதேவிப்பிள்ளை, "சோறு ஆக்கிற அடுப்புல போத்தல் அவிக்கிற மனிசன மண்டூர்ல எங்கயும் கண்டதில்ல கா" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கச் சொன்னாள். சொல்லட்டும். உன் சஞ்சிகை வந்த நாளிலிருந்து ஒரு மாதமாக அவித்தேன். மயிர் போல இருந்த கீறல் இப்போது நகம் உள்ளே போய் நிற்கிற அளவு அகன்றிருக்கிறது. அடி கூர்மையாக இல்லை, தோணியின் அடி போல வளைந்திருக்கிறது. கல்லின் வாய்க்காலும் அதே மாதிரிதான். ஆகவே தண்ணீர்தான். அதை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

சோடாக்காரம் கொஞ்சம் அனுப்பு. சாம்பல் தண்ணீர் மெதுவாக வேலை செய்கிறது. மோதல் கண்ணாடிக்கும் போத்தல் கண்ணாடிக்கும் வித்தியாசம் பார்க்க வேண்டும். மோதலில் வந்த கண்ணாடியில் ஒரு சிறு சில்லு கிடைத்தால் அதையும் அனுப்பு.

பெயர் விடயத்தில் நீ எழுதியதை வாசித்தேன். பெயர் போட்டால் கதவைத் தட்டுவார்கள் என்கிறாய். பெயர் போடாமலே தட்டித்தானே திரிகிறார்கள். பெயர் இல்லாதவனைத் தேடித்தா என்று நான் யாரிடம் கேட்பது? திருத்தம் எந்த மாதம் வருகிறது?

கந்தப்போடி


செட்டிபாளையம்
30.06.1991

அன்புள்ள அண்ணன்,

சாமித்தம்பி கொண்டுவந்த உங்கள் கடிதத்தால் அவனும் நானும் சென்றியில் அரை நாள் இருந்தோம். தமிழ் தெரிந்த ஒருவர் கடிதத்தை விரித்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"எந்த மோதல்? எப்ப நடந்தது?"

"எட்டு இலட்சம் வருசத்துக்கு முந்தி, ஐயா."

"பகிடி விடுறீங்களா?"

"இல்ல ஐயா. நான் டீச்சர். இது விண்கல் மோதினது."

"ஆரோட மோதினது?"

"நிலத்தோட."

"மண்டூர்லயா?"

அந்தக் கேள்விக்கு எனக்கு உண்மையாகவே பதில் தெரியாது. பக்கத்தில் இருந்த சாமித்தம்பி வாயைத் திறந்து, "மண்டூர்ல அப்பிடி ஒண்ணும் நடக்கல்ல, நான் அந்த நேரம் அங்கதான் இருந்தன்" என்றான். அதற்குப் பிறகு இன்னும் நேரம் போனது. சோடாக்காரம் அந்தப் பக்கம் கொண்டுபோக விடமாட்டார்கள். நான் கேட்கவும் இல்லை. இனி எழுதும்போது விண்கண்ணாடி என்று எழுதுங்கள். மோதல் என்ற சொல்லைக் கடிதத்தில் போட வேண்டாம்.

உங்கள் சட்டிப் பரிசோதனை நல்லது. சந்தோசப்பட்டேன். ஆனால் ஒரு விடயம் சொல்ல வேண்டும். உங்களுக்குப் பிடிக்காது.

கல்லை உருப்பெருக்கி வில்லைக்குக் கீழே வைத்து, ஆழமான வாய்க்கால் ஒன்றைத் தையலூசியால் கிண்டினேன். மேலே ஒட்டியிருந்தது உங்கள் வளவுக் களிமண், கறுப்பு. அதற்குக் கீழே, ஊசியின் முனைக்கு மட்டும் எட்டுகிற இடத்தில், கல்லாய் இறுகிப்போன செம்மண். மூன்று வாய்க்காலில் பார்த்தேன். மூன்றிலும் அப்படித்தான். உங்கள் பக்கம் செம்மண் எங்கே? அப்படியானால் இந்தக் கல் முதலில் வேறொரு மண்ணில் கிடந்து, அங்கேதான் அரிபட்டிருக்கிறது. மேற்கே காட்டுப் பக்கமிருந்து வெள்ளம் கொண்டுவந்திருக்கலாம். தாய்லாந்து, யாவாப் பக்கங்களில் இப்படிப்பட்ட கற்கள் ஏராளம் என்கிறார்கள். கப்பலில் போன யாரோ கொண்டுவந்து தொலைத்தும் இருக்கலாம். மண்டூரில் எழு பக்கமோ படு பக்கமோ, குழிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நான் எழுதிய வாவிக் கதையும் பிழை, உங்கள் மழைக் கதையும் பிழை.

ஒன்று கேட்கிறேன். அந்தக் கல் மண்ணுக்குள் கிடந்ததை நீங்கள் உங்கள் கண்ணால் கண்டீர்களா?

வசந்தா


மண்டூர்
14.07.1991

தங்கச்சிக்கு,

மோதல் என்ற சொல் அவர்களுக்கு முன்னமே எங்களிடம் இருந்தது. அவர்கள் எடுத்துக்கொண்டதற்காக நான் விடமாட்டேன். மோதல் கண்ணாடி என்று அச்சில் போட்டவளும் நீதான்.

செம்மண் பற்றி எழுதியது வந்த அன்று கோபம் வந்தது. செங்கல் தூளாக இருக்கும் என்று நினைத்தேன். பங்கர் வாசலுக்கு உடைந்த செங்கல் வைத்திருக்கிறோம். மறுநாள் பங்கருக்குள் இறங்கினேன். நாலு சுவரிலும், மேலே, நடுவே, அடியே என்று மண் எடுத்துச் சிரட்டைகளில் போட்டுக் காயவைத்தேன். கறுப்புக் களி, அதற்குக் கீழே சாம்பல் நிறக் களி, அடியில் சிப்பி கலந்த மணல். சிவப்பு இல்லை. செங்கலை நனைத்து உரசியும் பார்த்தேன், அது இறுகவில்லை, கரைந்து ஓடிவிட்டது. கல் இங்கே அரிபடவில்லை. எழுதிவிட்டேன். சந்தோசமா?

ஆனால் நாலு சுவரில் எந்தச் சுவரில், எந்த ஆழத்தில் கல் இருந்தது என்று எனக்குத் தெரியாது. நீ கேட்ட கேள்விக்குப் பதில் அதுதான். நான் காணவில்லை. நான் வயல் வட்டையில் நின்றேன். நெல்லுக்குத் தண்ணீர் மாற்றிவிட்டு வந்தபோது அவன் கல்லைக் கழுவிக் கையில் வைத்திருந்தான். "அப்பா, இது இந்தப் பக்கம் மேல பாத்துக் கிடந்திச்சி. மண்வெட்டி பட்டது இந்தப் பக்கம்" என்று சொன்னான். அவன் சொன்னதைத்தான் நான் தாளில் எழுதினேன்.

இப்போது நீயே யோசித்துப் பார். கல் எங்கிருந்து வந்ததோ தெரியாது. வெள்ளம் கொண்டுவந்ததோ, கப்பற்காரன் கொண்டுவந்ததோ தெரியாது. நீ வாவி என்றாய், நான் மழை என்றேன், இரண்டும் போய்விட்டன. போகாமல் இருப்பது ஒன்றுதான். ஒருவன் மண்ணுக்குள் அதைக் கண்டான். அவன் ஒருவன்தான் கண்டான். விஞ்ஞானம் என்று எழுதுகிறவள் கண்ட சாட்சியின் பெயரை விட்டுவிட்டு 'விவசாயி ஒருவர்' என்று எப்படி எழுதுவாய்? பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு இப்படியா சொல்லிக்கொடுக்கிறாய்?

சீதேவிப்பிள்ளை அடுத்த கிழமை அந்தக் கரைக்கு வருகிறாள். மகனைக் கேட்டு ஆமிக் காம்புக்குப் போக வேண்டும் என்கிறாள். நான் வந்தால் சண்டை பிடிப்பேனாம், வரவேண்டாம் என்கிறாள். நீ கூடப் போ.

கந்தப்போடி


செட்டிபாளையம்
04.08.1991

அன்புள்ள அண்ணன்,

மச்சாளோடு போனேன். வீடு வந்ததும் மச்சாள் உங்களுக்குச் சொல்லியிருப்பார். நான் கேட்டதையும் எழுதுகிறேன்.

வெயிலில் நெடுநேரம் நின்ற பிறகு கூப்பிட்டார்கள். மச்சாள் மருமகனின் அடையாள அட்டைப் பிரதியைக் கொடுத்தார். மேசையில் இருந்த அதிகாரி பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"இந்தப் பேர்ல ஆரும் இங்க இல்ல."

"புடிச்சத கண்ட ஆக்கள் இரிக்கு, ஐயா" என்றார் மச்சாள்.

"அம்மா, இவர் இந்தக் கரைக்கே வரல்ல. வந்ததா எங்கயும் இல்ல. அங்கால காட்டுக்குள்ள போயிருப்பார். போய் அங்க கேளுங்க."

மச்சாள் என்னைப் பார்த்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். வாசலில் நின்று, "என்ன புள்ள, உன்ட வீட்டுல தேத்தண்ணி குடிச்ச புள்ளய இந்தக் கரைக்கே வரல்லயாம். நீயும் வாய மூடிக்கிட்டு வாறாய்" என்றார். பஸ் வரும்வரை என் பக்கம் திரும்பவில்லை.

உள்ளே அந்த அதிகாரி முன்னால் நான் சொல்லியிருக்க வேண்டும். இரவு புஸ்பத்திடம் கேட்டேன், பெயர் போட்டு எழுதினால் உனக்குப் பயமில்லையா என்று. "நீங்க எழுதாட்டியும் எனக்குப் பயம்தானே, அம்மா. எழுதிட்டுப் பயப்படுவம்" என்றாள்.

எழுதியிருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்:

'சித்திரை இதழில் நான் எழுதிய கட்டுரையில் உள்ள பிழைகளைத் திருத்துகிறேன். இக்கல்லைக் கண்டெடுத்தவர் மண்டூரைச் சேர்ந்த கந்தப்போடி அருமைநாயகம், வயது இருபத்திரண்டு. 1990 ஆடியில் தமது வளவில் கிடங்கு வெட்டும்போது எடுத்தார். 1990 ஒக்டோபர் 17, புதன்கிழமை, செட்டிபாளையத்தில் எனது வீட்டுக்கு வந்து அதை என் கையில் தந்தார். கல்லின் மேற்பரப்பிலுள்ள வாய்க்கால்கள் வாவிநீரால் உண்டாகவில்லை. அவற்றின் அடியில் செம்மண் இருப்பதால், மண்டூருக்கு வருமுன் வேறொரு நிலத்தில் நீர் அரித்ததால் உண்டானவை எனக் கருதுகிறேன். மண்ணில் கல் கிடந்த விதத்தை நேரில் கண்டவர் அருமைநாயகம் மட்டுமே.'

பங்கர் என்று போடவில்லை. அதை மட்டும் விட்டுக்கொடுங்கள்.

வசந்தா


மண்டூர்
18.08.1991

தங்கச்சிக்கு,

திருத்தம் பார்த்தேன். சீதேவிப்பிள்ளைக்கும் வாசித்துக் காட்டினேன். திகதி வருகிற இடத்தை இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள்.

கிடங்கு என்பதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. கிடங்கு குப்பை போடவும் வெட்டலாம். அவன் குப்பைக்கு வெட்டவில்லை, தாயையும் தகப்பனையும் இறக்கி வைக்க வெட்டினான். பங்கர் என்பது பயமென்றால் பதுங்குகுழி என்று எழுது. இரண்டும் ஒன்றுதான் என்று நீ சொல்வாய். ஓம், ஒன்றுதான். அதனால்தான் சொல்கிறேன்.

இனிச் செய்ய வேண்டியவை, ஆர் ஆர் செய்வது என்று எழுதுகிறேன்.

நீ இதை இந்தக் கிழமையே கொழும்புக்கு அனுப்ப வேண்டும். தபாலில் வேண்டாம், லீவில் போகிற டீச்சர்மார் யாரிடமாவது கையில் கொடு. சஞ்சிகைக்காரர் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் போட்டால் பரவாயில்லை, ஆனால் ஒரு எழுத்தும் குறைக்கக் கூடாது என்று தனித்தாளில் எழுதி வை. முக்கியமாக அந்தத் திகதியையும் வீட்டையும் தொடக்கூடாது.

அச்சாகி வந்ததும் சாமித்தம்பி மூன்று பிரதி வாங்க வேண்டும். ஒன்று உன் வீட்டுக்கு, ஒன்று எனக்கு. மூன்றாவதைச் சீதேவிப்பிள்ளை கொண்டுபோய்ச் செஞ்சிலுவைக்காரரிடம் கொடுப்பாள். அவர்கள் காம்புகளுக்குள் போய்ப் பார்க்கிறார்களாம். இந்தக் கரைக்கே வரவில்லை என்று யாரும் சொன்னால், இந்த வரியில் விரலை வைத்துக் காட்டச் சொல். நீயும் கூடப் போ. இந்த முறை வாயைத் திற. உன் வீட்டில் தேத்தண்ணி குடித்ததையும் சொல், அது அச்சில் இல்லை.

புஸ்பம் தனியாக வெளியே போகக் கூடாது. அவள் கெட்டிக்காரி, ஆனாலும் போகக் கூடாது.

கல் உன்னிடமே இருக்கட்டும். இனிக் கிண்டாதே. வாய்க்காலில் மிச்சமிருக்கிற செம்மண் அப்படியே இருக்க வேண்டும், யாராவது தெரிந்தவர் எந்த நாட்டு மண் என்று பார்க்கிற வரைக்கும்.

நான் பங்கரைத் தூர்க்கமாட்டேன். மாரி வருகிறது, சுவர் இடியும், தென்னங்கிடுகு போட்டு மூடி வைக்கிறேன். ஊர் ஆட்கள் தூர்க்கச் சொல்லி வந்தால் நான் பேசிக்கொள்கிறேன்.

அருமைநாயகம் வந்து, உள்ளே இறங்கி, எந்தச் சுவர், எந்த ஆழம், எந்தப் பக்கம் மேலே கிடந்தது என்று காட்ட வேண்டும். அதற்கு வேறு ஆள் இல்லை.

அண்ணன்
கந்தப்போடி